கதைப்பதும் சிகிச்சைதான்: மனச்சிதைவு நோயுள்ளவரோடு ஊர் திரும்பும் குடும்பங்களுக்கு

(மீள்குடியேறும் குடும்பங்களுக்கான தகவல் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



காணி உறுதி, கிணறு துப்புரவாக்குதல், வீட்டுத்திட்டப் பதிவு, பிள்ளைகளின் பாடசாலை அனுமதி என்று பல விடயங்களை இன்று காலையில் இருந்து கேட்டுவிட்டீர்கள். இப்போது நான் எடுத்துக்கொள்ளும் விடயம் அந்தப் படிவங்கள் எதிலும் இல்லை. ஆனால் உங்களில் சில குடும்பங்களுக்கு அதுதான் பெரிய பாரம். வீட்டில் ஒருவருக்கு மனச்சிதைவு நோய் இருக்கிறது. அவரையும் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போகிறோம். போய் எப்படிச் சமாளிக்கப் போகிறோம் என்ற பாரம்.

நான் வைத்தியர் அல்ல. இந்த நிறுவனத்தின் தொடர்பாடல் உத்தியோகத்தர். உளநல வைத்தியத்தில் அறியப்பட்டவற்றை உங்களுக்கு விளங்கும் விதமாக எடுத்துச் சொல்வது என் வேலை. நான் சொல்ல வந்தது ஒன்றுதான். இந்த நோய்க்குக் குளிசை வேண்டும். அதோடு கதையும் வேண்டும். அந்தக் கதையில் ஒரு பங்கு வைத்தியசாலையில் நடக்கும். பெரும்பங்கு உங்கள் வீட்டில் நடக்கும்.

இது என்ன நோய்?

ஆங்கிலத்தில் இதை ஸ்கிசோபிரீனியா என்பார்கள். தமிழில் மனச்சிதைவு என்றும் உளப்பிளவு என்றும் எழுதுகிறார்கள். இரண்டு பெயருமே கேட்பவரைப் பயப்படுத்தும். சிதைந்துபோன மனம் இனித் திரும்பாது என்றோ, ஒருவருக்குள் இரண்டு ஆட்கள் இருக்கிறார்கள் என்றோ நினைத்துவிடாதீர்கள். இரண்டும் பிழை.

இந்த நோய் வந்தவருக்கு, யாரும் கதைக்காதபோதும் குரல்கள் கேட்கலாம். தன்னை யாரோ பின்தொடர்கிறார்கள், சாப்பாட்டில் எதையோ கலக்கிறார்கள் என்ற உறுதியான நம்பிக்கை வரலாம். கதை தொடர்பில்லாமல் போகலாம். சிலர் சத்தமே இல்லாமல் மாறிவிடுவார்கள். குளிக்க மனமில்லை, வேலைக்குப் போக மனமில்லை, நண்பர்களைப் பார்க்க மனமில்லை என்று ஒரு மூலையில் ஒதுங்கிவிடுவார்கள். இதைச் சோம்பல் என்று வீட்டார் ஏசுவதுண்டு. அது சோம்பல் அல்ல, நோயின் ஒரு பகுதி.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஏறத்தாழ 300 பேரில் ஒருவருக்கு இந்த நோய் உண்டு. அப்படிப் பார்த்தால் 1,000 பேர் வாழும் ஒரு கிராமத்தில் மூன்று பேர் இருக்கக்கூடும். பெரும்பாலும் பதின்வயதின் கடைசியிலோ இருபதுகளிலோ தொடங்கும். பெண்களுக்குச் சற்றுப் பிந்தி வருவதுண்டு. பிள்ளை வளர்ப்பில் தாய் விட்ட குறையால் வருவதல்ல. செய்வினையால் வருவதல்ல. பரம்பரை, மூளையின் வேலைப்பாடு, வாழ்க்கையில் பட்ட நெருக்கடிகள் எல்லாம் சேர்ந்து இதற்கு வழிவிடுகின்றன. இந்த நோய் வந்தவர்களில் குறைந்தது மூன்றில் ஒருவர் முழுமையாகக் குணமடைய முடியும் என்றும் அதே நிறுவனம் சொல்கிறது. மற்றவர்களிலும் பலர் சிகிச்சையோடு வேலை செய்து, குடும்பத்தோடு வாழ்கிறார்கள்.

இன்னொன்றையும் இங்கே பிரித்துச் சொல்ல வேண்டும். இழந்த பிள்ளையின் குரல் ஒரு கணம் காதில் கேட்டது, படலையடியில் அவர் நிற்பதுபோல இருந்தது என்று சொல்லும் தாய்மார் எம்மிடையே பலர். துயரத்தில் இருப்பவருக்கு அப்படித் தோன்றுவது உண்டு. அதை மட்டும் வைத்து அவருக்கு இந்த நோய் என்று யாரும் பெயர் வைக்க வேண்டாம்.

குளிசை செய்வதும் கதை செய்வதும்

1952 ஆம் ஆண்டில் இரண்டு காரியங்கள் நடந்தன. பாரிஸ் நகரில் இரண்டு வைத்தியர்கள் குளோர்புரோமசீன் என்ற மருந்தை மனநோயாளர்களுக்குக் கொடுத்து, அவர்கள் தெளிவடைவதைக் கண்டு எழுதினார்கள். இன்றைக்குக் கிளினிக்கில் தரும் குளிசைகளுக்கும், மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசிக்கும் வழி திறந்தது அந்த மருந்துதான். அதே ஆண்டில் அமெரிக்காவில் ஆரோன் பெக் என்ற இளம் உளநல வைத்தியர் வேறொன்றை எழுதினார். புலனாய்வுத் துறையினர் தன்னைக் கண்காணிக்கிறார்கள் என்று பல ஆண்டுகளாக நம்பிய ஒரு நோயாளருடன் தொடர்ந்து கதைத்துக் கதைத்தே அந்த நம்பிக்கையைத் தளர்த்திய அனுபவம் அது.

முதலாவது காரியம் உலகம் முழுவதும் பரவியது. இரண்டாவது பல காலம் கவனிக்கப்படவில்லை. இந்த நோயாளருடன் கதைத்துப் பயனில்லை என்ற எண்ணமே வைத்தியர்களிடையிலும் இருந்தது. 1990களில் இங்கிலாந்தில் நடந்த ஆய்வுகளுக்குப் பிறகுதான் அந்த எண்ணம் மாறியது. இன்று பிரித்தானியாவின் தேசிய மருத்துவ வழிகாட்டலில், மனச்சிதைவு நோயுள்ள ஒவ்வொருவருக்கும் மருந்தோடு சேர்த்துக் குறைந்தது 16 அமர்வுகள் கதைத்துச் செய்யும் சிகிச்சை தரவேண்டும் என்று இருக்கிறது. அவரோடு வாழும் குடும்பத்தோடும், மூன்று மாதத்துக்கும் ஒரு வருடத்துக்கும் இடையில், குறைந்தது 10 அமர்வுகள் இருக்க வேண்டும் என்கிறது.

ஏன் இரண்டும்? குளிசை குரல்களின் சத்தத்தைக் குறைக்கும், குழப்பத்தை அடக்கும். ஆனால் அந்தக் குரலுக்குப் பயந்து ஐந்து வருடம் வீட்டுக்குள் இருந்தவருக்குச் சந்திக்கடைக்குப் போகும் தைரியத்தைக் குளிசை தராது. "விசரன்" என்று கேட்டுக் கேட்டுக் கூனிப்போன மனதைக் குளிசை நிமிர்த்தாது. சிலருக்குக் குளிசை ஒழுங்காகப் போட்டும் குரல் முழுதாக நிற்பதில்லை. அங்கேதான் கதைக்கு வேலை.

மிகைப்படுத்தவும் கூடாது. கதைத்துச் செய்யும் சிகிச்சையால் கிடைக்கும் பலன் அளவானது. எல்லோருக்கும் ஒரேயளவு கிடைப்பதுமில்லை. கதைக்கிறோம்தானே, இனிக் குளிசை வேண்டாம் என்று நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தியவுடனே ஒன்றும் தெரியாது, சுகமாகவே இருப்பதுபோல இருக்கும். சில வாரங்களோ மாதங்களோ கழித்து நோய் திரும்பி வரும். குளிசையால் நடுக்கம், நித்திரைத் தூக்கம், உடம்பு பருத்தல் என்று கரைச்சல் இருந்தால் அதை வைத்தியரிடம் சொல்லுங்கள். அளவைக் குறைக்கவும், வேறு மருந்துக்கு மாற்றவும் அவருக்கு வழி உண்டு.

அந்த அறைக்குள் என்ன கதைப்பார்கள்?

பலர் இதைப் புத்திமதி சொல்வது என்று நினைக்கிறார்கள். போரில் நடந்ததையெல்லாம் கிண்டிக் கேட்பார்களோ என்று பயப்படுகிறவர்களும் உண்டு. இரண்டும் அல்ல. சொல்ல விரும்பாததைச் சொல்லும்படி நல்ல சிகிச்சையாளர் வற்புறுத்த மாட்டார்.

ஓர் உதாரணத்துக்கு, 24 வயதுத் தம்பி ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்து வீட்டார் கதைப்பதெல்லாம் தன்னைப் பற்றியே என்று அவர் நம்புகிறார். சிகிச்சையாளர் "அது பொய்" என்று தொடங்க மாட்டார். "எப்போது கூடுதலாக அப்படித் தோன்றுகிறது? அன்று நித்திரை எப்படி? அவர்கள் சிரித்ததற்கு வேறென்ன காரணம் இருக்கலாம்?" என்று கேட்பார். இருவருமாகச் சேர்ந்து சாட்சியங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பார்கள். நித்திரை இல்லாத நாட்களில்தான் அந்தச் சந்தேகம் கூடுகிறது என்று தம்பி தானே கண்டுபிடித்தால், அது வைத்தியர் நூறு தரம் சொல்வதைவிடப் பெரிது.

குரல் கேட்பவரிடம், அந்தக் குரல் என்ன சொல்கிறது, சொன்னதைச் செய்யாமல் விட்டால் உண்மையில் ஏதாவது நடந்ததா என்று கேட்பார்கள். குரல் வரும் நேரத்தில் பாட்டை முணுமுணுப்பது, வானொலி கேட்பது, யாருடனாவது கதைப்பது, கையால் ஒரு வேலை செய்வது என்று எது தனக்கு உதவுகிறது என்பதை நோயாளரே தேடிப் பழகுவார். குரல் ஒரேயடியாக நிற்காவிட்டாலும் பரவாயில்லை. அதன்மேல் உள்ள பயம் குறைந்தால் வாழ்க்கை திரும்பி வரும்.

எங்கள் நிலைமையில் சிகிச்சையாளர் ஒன்றை மனதில் வைத்திருக்க வேண்டும், நீங்களும் வைத்திருங்கள். யாரோ தன்னைக் கண்காணிக்கிறார்கள் என்று பயப்படுவது வேறு ஓர் ஊரில் முழுக் கற்பனையாக இருக்கலாம். போரையும் விசாரணைகளையும் கண்ட குடும்பங்களில் அந்தப் பயத்துக்கு ஒரு காலத்தில் உண்மையான காரணம் இருந்திருக்கலாம். ஆகவே "எல்லாம் உன்ர கற்பனை" என்று அடித்துச் சொல்வது பிழை மட்டுமல்ல, அவர் எங்கள்மேல் வைத்திருக்கும் நம்பிக்கையையும் முறித்துவிடும். அன்று நடந்தது எது, இன்று நடப்பது எது என்று பொறுமையாகப் பிரித்துப் பார்க்கத் துணையிருப்பதே சரியான வழி.

வீட்டுக் கதை

1950களில் லண்டனில் ஜோர்ஜ் பிறவுண் என்ற சமூகவியலாளரும் அவருடன் வேலை செய்தவர்களும் வைத்தியசாலையில் இருந்து வீடு திரும்பிய நோயாளரைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். யாருக்கு நோய் திரும்புகிறது என்பதே கேள்வி. அந்த வேலை 1970கள் வரை நீண்டது. ஓயாமல் குறை சொல்லும், வெறுப்பைக் காட்டும், அல்லது ஒரு நிமிடமும் தனியே விடாமல் கைக்குழந்தைபோல் பொத்திப் பிடிக்கும் வீடுகளுக்குத் திரும்பியவர்களுக்கே கூடுதலாக நோய் திரும்பியது. 1980களில் இந்தியாவின் சண்டிகரில் இதே விதமாகப் பார்த்தபோது, குறை சொல்லும் குடும்பங்கள் லண்டனைவிடக் குறைவாக இருந்தன. நோயாளர்களும் மேலாக இருந்தார்கள்.

இதைக் கேட்டு, என்னால்தான் பிள்ளைக்கு நோய் வந்தது என்று எந்தத் தாயும் அழ வேண்டாம். நோயைக் குடும்பம் கொண்டு வருவதில்லை. ஆனால் நோய் திரும்பி வருவதைத் தடுக்கக் குடும்பத்தால் முடியும். குடும்பத்தோடு கதைத்துச் செய்யும் சிகிச்சை நோய் திரும்புவதைக் குறைக்கிறது என்பதற்கு ஆதாரம் பலமாக இருக்கிறது.

வீட்டில் எப்படிக் கதைப்பது? மகன் வந்து, "அம்மா, பக்கத்து வீட்டாக்கள் என்னைப் பற்றித்தான் கதைக்கினம்" என்கிறான். "விசர்க்கதை கதையாதை" என்றால் அடுத்த தரம் அவன் உங்களிடம் வர மாட்டான். "ஓமோம், அவையள் அப்பிடித்தான்" என்றால் அவன் பயம் இரட்டிப்பாகும். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது: "எனக்கு அது கேக்கேல்லை ராசா. ஆனா உனக்குக் கேக்குது எண்டு விளங்குது. பயமா இருக்கோ? வா, இதிலை இரு, தேத்தண்ணி குடிப்பம்." குரல் உண்மையோ பொய்யோ என்று வழக்காட வேண்டாம். அவருடைய பயம் உண்மை. அதற்குப் பதில் சொல்லுங்கள்.

இன்னும் சில பழக்கங்கள் உதவும். ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும், சின்னச் சின்ன வசனமாகக் கதையுங்கள். அவர் முன்னிலையில் அவரைப் பற்றி மற்றவரிடம் மெல்லிய குரலில் கதைக்காதீர்கள். "நீ ஒண்டுக்கும் உதவாதவன்" என்பதைவிட "இண்டைக்குப் பூக்கண்டுக்குத் தண்ணி விட்டால் எனக்கு உதவியாய் இருக்கும்" என்பது மேல். செய்தால், செய்ததைச் சொல்லிச் சந்தோசப்படுங்கள். செய்யாவிட்டால் விடுங்கள், நாளைக்கும் பொழுது விடியும். புது வளவில் வேலி அடைக்கும்போதும், வீடு கட்டும்போதும் அவருக்கும் ஒரு சிறு பங்கு கொடுங்கள்.

கோயிலுக்கு நேர்த்தி வைப்பவர்கள் வையுங்கள். தேவாலயத்திலோ பள்ளிவாசலிலோ பிரார்த்திப்பவர்கள் பிரார்த்தியுங்கள். அது உங்களுக்கு ஆறுதல் தரும். ஆனால் கழிப்புக் கழிக்கிறோம், நூல் கட்டுகிறோம் என்று சொல்லிக் குளிசையை நிறுத்த வேண்டாம். சங்கிலியால் கட்டுவதும் அடிப்பதும் எந்த வைத்தியத்திலும் சேராது.

ஊர் மாறும்போது

இடம்பெயர்ந்து பழகிய எங்களுக்கு இது தெரியும்: சாமான் ஏற்றும் அவசரத்தில் சின்னப் பொருள்கள்தான் தவறும். கிளினிக் கொப்பி அப்படித் தவறக்கூடாத ஒன்று. புறப்படும் முன்னர் இப்போது பார்க்கும் கிளினிக்குக்குப் போய், ஊர் மாறுகிறோம் என்று சொல்லுங்கள். புதிய இடத்து வைத்தியசாலைக்குக் கடிதம் கேளுங்கள். இடையில் தட்டுப்படாமல் இருக்கக் கைவசம் குளிசை கேளுங்கள். ஊசி போடுபவராக இருந்தால் அடுத்த ஊசிக்கான திகதியை எழுதி வாங்குங்கள். தமிழ்நாட்டில் இருந்து திரும்புகிறவர்கள் அங்குள்ள வைத்தியக் குறிப்புகளையும் மருந்துப் பெட்டிகளையும் எறிந்துவிடாமல் கொண்டு வாருங்கள். கம்பனிப் பெயர் இங்கே வேறாக இருக்கும். பெட்டியில் சின்ன எழுத்தில் உள்ள மருந்தின் பெயரைப் பார்த்து இங்குள்ள வைத்தியர் விளங்கிக்கொள்வார்.

ஊருக்குப் போனதும் அருகிலுள்ள மாவட்ட வைத்தியசாலையிலோ ஆதார வைத்தியசாலையிலோ உளநலப் பிரிவு எங்கே, கிளினிக் எந்தக் கிழமை என்று விசாரியுங்கள். தெரியாவிட்டால் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடமோ சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ கேட்கலாம். அரசாங்க வைத்தியசாலையில் இந்தச் சிகிச்சைக்குக் காசு இல்லை.

16 அமர்வு கதைக்க எங்கள் ஊரில் யார் இருக்கிறார்கள் என்று நீங்கள் கேட்பது நியாயம். பயிற்சி பெற்ற உளச்சிகிச்சையாளர்கள் குறைவு. ஆனால் தமிழ்நாடு, கோவா, மகாராட்டிரம் ஆகிய மூன்று இடங்களில் நடந்த ஓர் ஆய்வு 2014 இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்தது. அங்கே வைத்தியரும் அல்லாத, தாதியரும் அல்லாத உள்ளூர் ஆட்களைப் பயிற்றுவித்து, நோயாளர் வீடுகளுக்கு அனுப்பினார்கள். குளிசை ஒழுங்கு, வீட்டாரின் கதை, சின்னச் சின்ன வேலைகள், வெளியே போய் வருதல் ஆகியவற்றில் அவர்கள் துணை நின்றார்கள். கிளினிக் சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட, இந்தத் துணையும் சேர்ந்து கிடைத்தவர்கள் ஓரளவு நன்றாக இருந்தார்கள். ஆகவே உங்கள் கிளினிக்கில் வீட்டுத் தரிசிப்பு இருக்கிறதா, உளசமூகப் பணியாளர் இருக்கிறாரா என்று கேளுங்கள். கேட்கிற குடும்பத்தைக் கிளினிக்கும் நினைவில் வைத்திருக்கும். தொண்டு நிறுவனங்களின் உளவளத்துணையாளர் வந்தால் அவரையும் உளநலப் பிரிவோடு சேர்ந்து வேலை செய்யச் சொல்லுங்கள். இந்த நோய்க்குப் பொதுவான ஆற்றுப்படுத்தல் தனியே போதாது.

அவசரமான நேரங்கள்

குரல் தன்னையோ மற்றவரையோ தாக்கச் சொல்கிறது என்றால், நாட்கணக்கில் நித்திரையும் சாப்பாடும் இல்லை என்றால், சாவைப் பற்றிக் கதைத்தால், கிளினிக் நாள் வரும்வரை பார்த்திருக்க வேண்டாம். "சாகவேண்டும் என்று நினைக்கிறாயா?" என்று நேரே கேட்கலாம், கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் வரும். உளநல ஆலோசனைக்குத் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கம் இருக்கிறது.

வீட்டில் தோட்டத்துக்கு வைத்திருக்கும் கிருமிநாசினியைப் பூட்டி வையுங்கள். கட்டு இல்லாத கிணற்றைச் சுற்றி வேலி போடுங்கள். தனியே நடந்து திரியும் பழக்கம் உள்ளவராக இருந்தால், மிதிவெடி அபாயப் பலகை உள்ள இடங்களை அவரோடு கூடவே போய், பாதுகாப்பான பாதையில் நின்று காட்டுங்கள். ஒரு தரம் போதாது, பல தரம் காட்டுங்கள். அயலவர் ஓரிருவரிடமும் சொல்லி வையுங்கள்.

கடைசியாகப் பார்க்கிறவர்களைப் பற்றி. இரவு பகலாக ஒருவரைக் கவனிக்கும் தாய்க்கும் மனைவிக்கும் சகோதரிக்கும் ஓய்வு வேண்டும். கிழமையில் ஒரு பின்னேரமாவது வேறொருவர் பார்த்துக்கொள்ள, நீங்கள் வெளியே போய் வாருங்கள். உங்களுக்கும் மனம்விட்டுக் கதைக்க ஓர் ஆள் வேண்டும். களைத்துப்போனவரின் வாயில் இருந்து நல்ல கதை வராது. அது உங்கள் குற்றமும் அல்ல.

இந்தக் கிழமைக்குள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: கிளினிக் கொப்பியைத் தேடி எடுத்து, அடையாள அட்டையும் காணிப் பத்திரமும் வைக்கும் பைக்குள் வையுங்கள். மற்றதெல்லாம் அதிலிருந்து தொடங்கும்.